கருவுக்குக் கட்டிய சோறு

காலை உணவில் புரதம் தரும் பொருள்கள் பெரும்பாலும் மூன்று இடங்களிலிருந்து வருகின்றன: முட்டை, பால், பருப்பு. மூன்றும் ஒரே வேலைக்காக உண்டானவை. தன் உடலுக்கு வெளியே வளரவேண்டிய குஞ்சுக்காகக் கோழி முட்டைக்குள் உணவை வைத்து மூடுகிறது. கன்று புல் மேயப் பழகும்வரை பசு மடியில் பால் சுரக்கிறது. உளுந்துச் செடியும் நாளை முளைக்கப்போகும் தன் கன்றுக்காக இரண்டு பருப்புகளில் புரதத்தைச் சேர்த்து, கறுப்புத் தோலால் போர்த்தி வைக்கிறது. ஊருக்குப் புறப்படும் பிள்ளைக்குத் தாய் கட்டிக்கொடுக்கும் சோறு போன்றவை இவை. புரதம் தேடுபவர் எவராயினும், இன்னும் பிறக்காத அல்லது பிறந்து காலூன்றாத ஓர் உயிரின் கட்டுச்சோற்றையே அவிழ்க்கிறார்.

முட்டையை விலக்குவோர் சொல்லும் முதற்காரணம், அதில் ஓர் உயிர் வரவிருக்கிறது என்பது. தமிழ் வழக்கும் அதற்கு இடம் கொடுக்கிறது; மஞ்சளை மட்டுமல்லாமல் வெள்ளையையும் ‘கரு’ என்றே அது அழைக்கிறது. ஆனால் வரவிருக்கும் உயிர்தான் தடை என்றால், ஊறவைத்த இரண்டாம் நாளே வால்விடும் பச்சைப்பயறு எப்படித் தப்புகிறது? சமய மரபுகள் இக்கேள்விக்கு வேறுவேறு விடை சொல்லியிருக்கின்றன. விடைக்குத் தக்கபடி காலைத் தட்டில் இருப்பதும் மாறுகிறது. ‘முட்டையில்லாக் காலை உணவு’ என்று ஒரே பெயரில் வழங்குவது உண்மையில் பல உணவுகள்.

கேள்வியை நேருக்கு நேர் எழுப்பிய பழைய நூல்களில் ஒன்று, கி.பி. 100-ஐ ஒட்டி வாழ்ந்த கிரேக்கர் புளூட்டார்க்கின் விருந்து உரையாடல்கள். நண்பர் செனெசியோ அளித்த விருந்தில் புளூட்டார்க் முட்டையைத் தொடவில்லை. ஒரு கனவு காரணமாகச் சில காலமாகவே அவர் அதைத் தவிர்த்துவந்தார். உடனிருந்தவர்களுக்குச் சந்தேகம்: ஆர்ஃபியஸ் வழியிலோ பித்தாகரஸ் வழியிலோ சேர்ந்துவிட்டாரா? எபிக்யூரஸ் வழிவந்த ஒருவர் கேலியில் இறங்கினார். கிரேக்கத்தில் ‘குயாமோஸ்’ என்றால் அவரை; ‘குயேசிஸ்’ என்றால் சூல்கொள்ளல். ஆகவே பித்தாகரஸ் வழியினர் அவரையைத் தின்னாதே என்று சொல்வது முட்டையைத் தின்னாதே என்று மறைவாகச் சொல்வதுதான் என்பது அவர் வாதம். கோழி முந்தியதா முட்டை முந்தியதா என்ற புகழ்பெற்ற விவாதம் இதன் தொடர்ச்சியாகவே அந்த விருந்தில் எழுகிறது. இன்று சிறுவர் விடுகதையாகிவிட்ட கேள்வி, அன்று அங்கே முட்டை வேண்டாம் என்ற ஒருவரின் தட்டிலிருந்து கிளம்பியது. சிலேடை விளையாட்டாகத் தோன்றினாலும் அதன் அடியில் இருக்கும் கவனிப்பு கூர்மையானது: பித்தாகரஸ் வழியினர் அவரையையும் முட்டையையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்க முடிந்தது.

இந்திய மரபும் இரண்டையும் அடுத்தடுத்தே வைக்கிறது. உயிர்கள் தோன்றும் வழிகளை உபநிடதங்கள் எண்ணியபோது முட்டையில் பிறப்பதும் நிலத்தைப் பிளந்து முளைப்பதும் ஒரே பட்டியலில் வந்தன. சைவ சித்தாந்த நூல்கள் அதை நால்வகைத் தோற்றம் என்று விரித்தன: அண்டசம், சுவேதசம், உற்பிச்சம், சராயுசம். முட்டையிலிருந்து வரும் குருவியும் வித்திலிருந்து வரும் வேம்பும் அங்கே ஒரே பிறவிச் சுழலின் பயணிகள். பட்டியல் அளவில் பார்த்தால் உளுந்துக்குச் சலுகை எதுவும் இல்லை.

சலுகை வேறொரு கணக்கில் கிடைத்தது. தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் அடுக்குகிறது. புல்லும் மரமும் தொடுவதை மட்டும் உணரும் ஓரறிவுயிர்கள், எறும்பு மூவறிவு, நண்டும் வண்டும் நாலறிவு, விலங்கும் பறவையும் ஐயறிவு, மனிதருக்கு மனமும் சேர்ந்து ஆறு. சமணத்தின் பொறிக்கணக்கும் ஏறக்குறைய இதே ஏணி. ஏணியில் மேலே போகப் போகத் துன்பத்தை உணரும் ஆற்றல் கூடுகிறது. கொலையின் பாவமும் கூடுகிறது. கோழி ஐந்தாம் படியில் இருக்கிறது, அதன் முட்டையும் அந்தப் படிக்கே உரியது. பயறு முதற்படியில் நிற்கிறது. இல்லறத்தார் முதற்படியில் கைவைக்கலாம், தேவைக்கு மட்டும். சமணம் பருப்பை உயிரற்றதென்று சொல்லி விடுவிக்கவில்லை, குறைந்த குற்றம் என்று சொல்லி அனுமதித்தது. இந்த வேறுபாட்டில்தான் சமணக் காலை உணவின் நுட்பம் முழுவதும் அடங்கியிருக்கிறது.

முழுப்பயறு முளைக்கும் ஆற்றல் உடையது. அது ‘சசித்தம்’, உயிருள்ளது. உடைத்த பருப்பு முளைக்காது. துறவியர் சமைத்ததை, உயிர் நீங்கியதாக உறுதிப்பட்டதை மட்டுமே பிச்சையாக ஏற்பர். உடல்நலம் பேணுவோர் காலையில் ஒரு கிண்ணம் முளைகட்டிய பயற்றைப் பெருமையோடு முன்வைக்கிறார்கள். கடும் நோன்புடைய சமணருக்கு அதே கிண்ணம் ஆகாது. முளைவிடும் கணத்தில் அளவற்ற உயிர்கள் ஓருடலில் கூடுவதாக அவர்கள் கொள்கிறார்கள். முட்டைக்குச் சொன்ன தடை இங்கே மிச்சமின்றிப் பயற்றுக்கும் நீட்டப்படுகிறது. கொள்கையை அதன் கடைசி வீடுவரை கொண்டுபோய்ச் சேர்க்கும் துணிவு என்ற வகையில், உடன்படாதவரும் இதை மதிக்கத்தான் வேண்டும்.

இன்னொரு விதி ‘துவிதளம்’. இரண்டாகப் பிளக்கும் பருப்பைக் காய்ச்சாத பாலோடோ தயிரோடோ சேர்த்தால் நுண்ணுயிர்கள் தோன்றுகின்றன என்பது அதன் அடிப்படை. புரதக் கணக்குப்படி தயிர்வடை சிறந்த கூட்டு, ஆனால் சமண அடுப்படியில் தயிரைச் சூடாக்கிய பிறகே வடை அதில் இறங்கும். இரவெல்லாம் புளித்த மாவையும் கண்டிப்பானவர்கள் தவிர்ப்பதால் இட்லியும் கேள்விக்குள்ளாகிறது. உணவு மட்டுமல்ல, நேரமும் அறத்துக்கு உட்பட்டது. ‘நவகார்சி’ என்னும் எளிய நோன்பு ஏற்றவர் சூரியன் எழுந்து 48 நிமிடம், அதாவது இரண்டு நாழிகை, ஆகும்வரை தண்ணீரும் அருந்துவதில்லை. முந்தைய நாள் பொழுது சாய்ந்தபின் உண்ணாதவருக்கு இந்த முதல் உணவு பெரும்பாலும் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேலான இடைவெளியை நிரப்பவேண்டியிருக்கிறது. கடலைமாவிலும் பாசிப்பருப்பிலும் குஜராத் சமணரின் சமையல் இவ்வளவு தேர்ச்சி பெற்றதில் வியப்பில்லை.

வள்ளலார் இதே சிக்கலை வேறு வழியில் அவிழ்த்தார். வடலூரில் 1867-இல் தருமச்சாலையைத் தொடங்கி அணையா அடுப்பை மூட்டிய இராமலிங்க அடிகள், பசித்தவருக்குச் சோறிடுவதையே வழிபாட்டின் முதல் படியாக்கினார். தாவரமும் உயிர்தானே, அதை உண்பது மட்டும் கொலையாகாதா என்று எவரும் கேட்பார்கள் என்பதை அவர் அறிந்திருந்தார். ‘ஜீவகாருண்ய ஒழுக்கம்’ நூலில் அக்கேள்வியைத் தாமே எழுப்பி விடை சொல்கிறார். வித்து என்பது சடம்; உயிர் ஏறுவதற்கு உரிய இடமே தவிர, உயிர் ஏறிய உடலன்று. உயிர் அதில் இருந்திருந்தால் நிலத்தில் விதைக்கும் முன்பே அது முளைத்திருக்கவேண்டும். காயும் கனியும் இலையும் மனித உடலின் நகமும் முடியும் போல. எடுப்பதால் உயிர்க்கொலை இல்லை.

இந்த வாதத்தில் ஒரு வழுக்கல் உண்டு. அடைகாக்கும் முன் முட்டையும் பொரிவதில்லை, சூடு வேண்டும். விதைக்கு ஈரம் எப்படியோ முட்டைக்கு வெப்பம் அப்படி. விதைக்குமுன் முளைக்காததால் வித்து சடம் என்றால், அடைவைக்குமுன் முட்டையும் சடமே என்று ஒருவர் வாதிடலாம். வள்ளலார் அந்தப் பக்கம் போகவில்லை. அவர் அக்கறை பசித்தவர் இலையில் என்ன விழலாம் என்பதில் இருந்தது. அணையா அடுப்பில் வேகும் பருப்புக்கு ஒரு நியாயம் தேவைப்பட்டது, அதை அவர் தந்தார்.

இருபதாம் நூற்றாண்டு இந்த வாதத்தைத் தலைகீழாக்கியது. சேவலின் சேர்க்கை இல்லாமல் இடப்படும் முட்டையில் உயிர் வர வழியே இல்லை. காந்தி 1942-இல் சிறையிலிருந்து எழுதிய ஆரோக்கிய நூலில் இதை எடுத்துக்கொண்டார்: பால் அருந்துபவர் கருவுறாத முட்டையை மறுக்கக் காரணம் இல்லை. அவரே முட்டையை உண்டாரா என்பது தனிக்கதை. இலண்டனில் மாணவராக இருந்தபோது புலால் என்பதற்கு மூன்று விளக்கங்களை அவர் கேள்விப்பட்டார். அவற்றில் இரண்டு முட்டையை அனுமதித்தன. சில நாள் முட்டை உண்டும் பார்த்தார். பிறகு விட்டுவிட்டார். முட்டை புலாலா என்ற ஆராய்ச்சி முடிந்துவிட்டதால் அல்ல. 1888-இல் தாயிடம், ஒரு சமணத் துறவியை முன்வைத்துச் செய்த சத்தியத்தில் ‘புலால்’ என்ற சொல்லுக்குத் தாய் கொண்ட பொருளே செல்லும் என்று அவர் முடிவு செய்ததால். அந்த அம்மாவின் அகராதியில் முட்டையும் புலால். எது உணவு என்பதை உயிரியலை விட உறவு தீர்மானிக்கும் இடங்கள் உண்டு. சைவ வீடுகள் பலவற்றில் இன்றும் நடப்பது இதுதான்.

நாமக்கல் வட்டாரப் பண்ணைகளில் கோடிக்கணக்கில் இடப்படும் முட்டைகள் காந்தி சொன்ன வகையைச் சேர்ந்தவை. முட்டைக்கோழிக் கூண்டில் சேவலுக்கு வேலை இல்லை. ஆகவே உயிர் வரவிருக்கிறது என்ற பழைய காரணம் அங்கே செல்லாது. ஆனால் வேறொரு காரணம் வந்து நிற்கிறது. முட்டைக்கோழியை உருவாக்கும் குஞ்சுப் பொரிப்பகத்தில் பொரிவதில் பாதி ஆண். முட்டையும் இடாது, கறிக்கும் லாபமாக வளராது. பெரும்பாலானவை முதல் நாளே கொல்லப்படுகின்றன. சில சாயம் பூசப்பட்டுக் ‘கலர்க் குஞ்சு’ என்று தெருவில் விற்கப்படுகின்றன. ஜெர்மனி 2022 முதல் இந்தக் கொலையைச் சட்டத்தால் தடுத்திருக்கிறது. திருக்குறளின் புலால் மறுத்தல் அதிகாரத்தில் ஒரு குறள், தின்பவர் இல்லாவிட்டால் விற்பவரும் இருக்கமாட்டார் என்ற பொருளில் வாங்குபவரையே பொறுப்பாக்குகிறது. அந்தக் கண்ணால் பார்த்தால் குற்றம் முட்டைக்குள் இல்லை, முட்டைக்கு முந்தைய கூடத்தில் இருக்கிறது. அதே கண் பாலையும் விடாது. காளைக்கன்றின் கதி ஆண்குஞ்சின் கதியிலிருந்து அவ்வளவு தொலைவில் இல்லை. பாலையும் துறந்து பருப்பில் மட்டும் நிற்கும் நனிசைவர், காந்தியின் சமன்பாட்டை ஏற்றுக்கொண்டு எதிர்த்திசையில் நடந்தவர்கள். இந்தியச் சட்டம் இதில் எல்லாம் நுழையவில்லை. முட்டை சேர்ந்த பொட்டலத்துக்கு அசைவக் குறி, பாலுக்குப் பச்சைக் குறி என்று வழக்கத்தை அப்படியே விதியாக்கியது.

இதுவரை சொன்னவை உயிரின் பொருட்டு விலக்குதல். தன்னையே கட்டுப்படுத்திக்கொள்ள விலக்குதல் வேறு. கிறித்தவ நோன்பு அந்த வகை. தவக்காலத்தில் இறைச்சியோடு முட்டையும் பாலும் ஏன் விலக்கப்படுகின்றன என்று 13-ஆம் நூற்றாண்டு இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் ஆராய்ந்தார். விலங்குவழி உணவு மனித உடலுக்கு அதிக இன்பமும் அதிக ஊட்டமும் தருகிறது, மிகுந்த ஊட்டம் காமத்தைத் தூண்டுகிறது என்பது அவர் கண்ட காரணம். அதாவது சத்து மிகுதியாக இருப்பதே குற்றம். அவர் வழியில் நின்றால், விரத நாளில் முட்டைக்கு ஈடான புரதம் தேடுவது விரதத்தையே ஏமாற்றுவதாகும். மக்கள் அவ்வளவு கண்டிப்பாக இல்லை. எகிப்தின் காப்டிக் கிறித்தவர் ஆண்டில் இருநூறுக்கும் மேற்பட்ட நாள் நோன்பிருக்கிறார்கள். அந்நாட்களில் முட்டையும் பாலும் கிடையாது. அவர்களைத் தாங்குவது ‘ஃபூல்’: அவரையின் பெரிய வகையொன்றை இரவெல்லாம் மெல்லிய தீயில் குழைய வேகவைத்து எண்ணெயும் எலுமிச்சையும் சேர்த்த உணவு. எகிப்து முழுவதற்கும் காலைச் சாப்பாடு அதுவே. பித்தாகரஸ் தொடாதே என்ற அவரை இது. ஓரிடத்தில் முட்டையோடு சேர்த்து ஒதுக்கப்பட்டது, மற்றோரிடத்தில் முட்டையை ஒதுக்கியவர்களைக் காக்கிறது.

ஏகாதசியும் இந்தத் துறவு வகைதான். தானியத்தோடு பருப்பும் அன்று விலகும். பாலும் பழமும் மிஞ்சும். மூன்றாவது வகை, குணத்தின் பொருட்டு விலக்குதல். கீதையின் 17-ஆம் அத்தியாயம் உணவைச் சத்துவம், இராசதம், தாமதம் என்று பிரிக்கிறது. ஆனால் எந்தப் பண்டத்தின் பெயரையும் அது சொல்லவில்லை. சுவை, எண்ணெய்ப்பசை, காரம், பழமை போன்ற தன்மைகளை மட்டும் சொல்கிறது. பட்டியலைப் பின்வந்த வழக்கங்கள் நிரப்பின. முட்டை, வெங்காயம், பூண்டு எல்லாம் அப்படி ஒரே வரிசைக்கு வந்தவை. வங்காளத்தில் மைசூர்ப் பருப்பு புலாலோடு சேர்த்து எண்ணப்பட்டு, கைம்பெண்களுக்கு மறுக்கப்பட்டது. கிராமுக்கு கிராம் துவரைக்குச் சளைக்காத பருப்பு அது. கணவனை இழந்தவளின் தட்டிலிருந்து புரதத்தை எடுக்க ஒரு தத்துவம் பயன்பட்டதை அலங்காரமில்லாமல் அப்படியே குறிப்பதே சரி.

காரணம் எதுவாயினும் உடலின் தேவை மாறுவதில்லை. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரைப்படி, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும்; 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு ஏறத்தாழ 54 கிராம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் இருக்கிறது. அது முழுமையான புரதம். அதற்கும் காரணம் உண்டு. குஞ்சுக்குத் தேவையான அமினோ அமிலங்களில் பலவற்றை அதன் உடலால் செய்துகொள்ள முடியாது. ஓட்டுக்குள் எல்லாமே முன்கூட்டி இருந்தாகவேண்டும். செடியோ எல்லா அமினோ அமிலங்களையும் தானே ஆக்கிக்கொள்ளும். ஆகவே வித்துக்குள் வைத்த சோற்றில் மனிதக் கணக்குப்படி ஒன்று கூடும், ஒன்று குறையும். பருப்பில் லைசின் மிகுதி, மெத்தியோனின் குறைவு. அரிசியில் இதற்கு நேர்மாறு. இரண்டும் கூடினால் ஒன்றின் குறையை மற்றொன்று மூடுகிறது.

வேதியியல் பெயர்கள் வருவதற்கு வெகுகாலம் முன்பே தமிழ்நாட்டுக் கோயில் மடைப்பள்ளிகள் இந்தக் கூட்டைக் கண்டுகொண்டிருந்தன. மார்கழி விடியலில் தொன்னையில் விழும் வெண்பொங்கல் அரிசியும் பாசிப்பருப்பும். காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயில் இட்லி அரிசியும் உளுந்தும், மிளகு சீரகம் சுக்கோடு. அனுமனுக்கு வடைமாலை, பிள்ளையாருக்கும் நவராத்திரிக்கும் சுண்டல். ஐயறிவுயிரைத் தொடாமல் தெய்வத்துக்குச் சிறந்ததைப் படைக்கவேண்டும் என்ற விதியும், சிறந்தது என்றால் ஊட்டம் மிக்கது என்ற எண்ணமும் பருப்பில் சந்தித்தன.

அளவில் ஒரு எச்சரிக்கை தேவை. பருப்பில் 100 கிராமுக்கு 20 முதல் 25 கிராம் புரதம் என்பது உலர்ந்த பருப்புக்கு. நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து போட்ட மாவில் ஓர் இட்லிக்குச் சுமார் 2 கிராம்தான் தேறும். மூன்று இட்லி ஒரு முட்டைக்கு ஈடு, கெட்டிச் சாம்பார் சேர்ந்தால் சற்றுக் கூடும். அடை இதைவிட வலுவானது. 50 கிராம் அரிசியும் 50 கிராம் துவரை, கடலை, உளுந்துக் கலவையும் ஊறவைத்து அரைத்த மாவில் 14 கிராமுக்குக் குறையாது. இரண்டு முட்டையைத் தாண்டிவிடும். அரிசியே இல்லாத ஆந்திரப் பெசரட்டு இன்னும் மேலே. உளுந்தங்களி, கொள்ளு, வேர்க்கடலைத் துவையல், பால் சேர்ப்போருக்குப் பனீர் எல்லாம் இந்த வரிசையில் வரும். ஊறவைப்பதும் முளைகட்டுவதும் புளிக்கவைப்பதும் செரிமானத்தைத் தடுக்கும் பொருள்களைக் குறைக்கின்றன. அதாவது வித்து தன் கட்டுச்சோற்றுக்குப் போட்ட முடிச்சை அவை தளர்த்துகின்றன. கண்டிப்பான சமணருக்கு அவற்றில் கடைசி இரண்டும் இல்லை; ஊறவைப்பதும் நன்றாக வேகவைப்பதும் மட்டுமே அவருக்கு மிஞ்சிய வழிகள்.

அரசும் இந்தத் தட்டில் கைவைக்கவேண்டியிருந்தது. தமிழ்நாட்டின் சத்துணவில் முட்டை உண்ணாத பிள்ளைகளுக்கு வாழைப்பழம் வழங்கப்படுகிறது. நம்பிக்கையை மதிக்கும் மாற்று என்ற அளவில் அது நாகரிகமான ஏற்பாடு; ஊட்டத்துக்கு மாற்று என்ற அளவில் பலவீனமானது. பழத்தில் புரதம் ஒரு கிராம் அளவே. கைநிறையச் சுண்டல் என்றால் கணக்கு நேராகியிருக்கும். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் முட்டை இல்லாததால் மாற்று என்ற கேள்வியே எழவில்லை. உப்புமா, கிச்சடி, பொங்கல், கூடவே காய்கறிச் சாம்பார். அங்கே புரதத்தின் பாரம் முழுவதும் சாம்பாரில் எவ்வளவு பருப்பு கிடக்கிறது என்பதில் தங்கியிருக்கிறது.

கடைசியாக, முட்டையைப் போலவே செய்யப்படும் முட்டையில்லா உணவு. கடலைமாவைக் கரைத்து வெங்காயம் போட்டு ஊற்றும் தோசைக்கு உணவகங்கள் ‘வெஜிடபிள் ஆம்லெட்’ என்று பெயரிட்டு நெடுநாளாகிறது. கந்தக மணமுள்ள கருப்பு உப்பைச் சிட்டிகை தூவினால் முட்டை வாடையே வந்துவிடும். அமெரிக்க நிறுவனம் ஒன்று பச்சைப்பயற்றின் புரதத்தைப் பிரித்து, வாணலியில் ஊற்றினால் முட்டை போலவே திரளும் நீர்மமாகப் புட்டியில் விற்கிறது. இவற்றில் உயிர் எதுவும் இல்லை. பிறகென்ன தடை?

ஐஞ்சிறுகாப்பியங்களுள் ஒன்றான யசோதர காவியம் தடை உண்டு என்கிறது. மன்னன் யசோதரனைத் தேவிக்கு உயிர்ப்பலி கொடுக்கும்படி தாய் வற்புறுத்துகிறாள். கொல்ல மனமில்லாத மகன் ஒரு சமரசத்துக்கு வருகிறான்: மாவால் செய்த கோழியைப் பலியிடலாம். அப்படியே நடக்கிறது. வெட்டுப்பட்டது மாவு, ஆனால் வெட்டியவன் எண்ணத்தில் இருந்தது கோழி. தாயும் மகனும் அரசியின் நஞ்சால் இறந்து, மயிலும் நாயுமாகத் தொடங்கிப் பல விலங்குப் பிறவிகளில் உழன்று, இறுதியில் கோழிகளாகவே பிறந்து மடிகிறார்கள். சமணம் பொருளால் நிகழும் கொலையையும் பாவத்தால், அதாவது எண்ணத்தால், நிகழும் கொலையையும் பிரித்தே பேசுகிறது. பின்னதற்கும் வினை உண்டு.

இக்கதையை ஆம்லெட்டுக்குப் பொருத்தும்போது ஒரு வேறுபாட்டை விட்டுவிடக்கூடாது. யசோதரன் மாவைக் கோழியாக எண்ணிக் கொன்றான். கடலைமாவுத் தோசையை உண்பவர் எதையும் கொல்வதாக எண்ணுவதில்லை, ஒரு சுவையை நினைத்துக்கொள்கிறார். முட்டையை விட்டுவந்தவருக்கு அந்த நினைவு ஆசையின் மிச்சம். துறவு நோக்கில் குறை, கொல்லாமை நோக்கில் குறையில்லை. முட்டையைச் சுவைத்தே அறியாதவருக்கு அந்த நினைவும் கிடையாது. அவர் நாக்குக்கு அது கடலைமாவுத் தோசை. ஆம்லெட் என்பது விலைப்பட்டியலில் யாரோ எழுதிய பெயர்.